எஃப்-3க்கும் எஃப்-10க்கும் நடுவில்

பாயை நினைத்தால் எனக்கு முதலில் கண்ணில் நிற்பது அவருடைய இடது கைதான். கீபோர்டின் மேல்வரிசையில் அது மட்டும் இருக்கும். வலது கை மடியில் கிடக்கும். யாராவது பக்கத்தில் வந்து நின்றால் அந்த வலது கை மெதுவாக எழுந்து, சட்டைப் பையிலிருக்கும் பேனாவைத் தொட்டுக்கொண்டு நெஞ்சிலேயே நின்றுவிடும், கல்யாண வீட்டு வாசலில் வருகிறவர்களை வரவேற்க நிற்கிற மாதிரி. அப்படி உட்கார்ந்துகொண்டே ஒற்றைக் கையால் பக்கம் பக்கமாகத் தள்ளி வேலையை முடிப்பார். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இரண்டு கை இருக்கிற மனுஷன் ஒரு கையால் வேலை செய்வது எதற்கு? உங்களுக்கெல்லாம் இரண்டு வேண்டும், எனக்கு ஒன்று போதும் என்று காட்டத்தானே? மூன்று மாதம் அப்படித்தான் நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல், "பாய், இன்னொரு கையை வீட்லயே வச்சுட்டு வந்துட்டீங்களா?" என்று ஒருநாள் எல்லோர் முன்னாலும் கேட்கவும் கேட்டேன். அவர் சிரித்தார். அந்தக் கேள்விக்காக இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்வதுண்டு.

தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ரோட்டில் ஒரு உரக்கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் அப்போது எங்கள் ஆபீஸ் இருந்தது. சம்பா நடவு சமயத்தில் கீழே யூரியா மூட்டை இறக்குகிற சத்தம் மேலே வரைக்கும் கேட்கும். மேலே நாங்கள் பத்துப் பேர் வெளிநாட்டு ரயில் கம்பெனி ஒன்றின் சரக்குப் பெட்டிகளை மேய்த்துக்கொண்டிருப்போம். எந்தப் பெட்டி எந்த யார்டில் நிற்கிறது, அடுத்து எந்த யார்டுக்குப் போகவேண்டும் என்று பட்டியல் போட்டு உத்தரவு அனுப்புவது எங்கள் வேலை. ஒரு பெட்டியைக்கூட நாங்கள் கண்ணால் பார்த்ததில்லை. கோதுமை ஏற்றிய பெட்டி, மரம் ஏற்றிய பெட்டி எல்லாமே எங்களுக்குக் கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் ஒரு நம்பர், அவ்வளவுதான்.

அந்தத் திரை கடலுக்கு அப்பால் எங்கோ இருக்கிற மெயின்ஃபிரேம் என்கிற பெரிய கம்ப்யூட்டரின் திரை. மவுஸுக்கு அங்கே மரியாதை கிடையாது. கீபோர்டில் எல்லாவற்றுக்கும் மேலே, வீட்டுக் கம்ப்யூட்டரில் யாரும் தொடாமல் தூசி படிந்து கிடக்கிற எஃப் கீக்கள் பன்னிரண்டும்தான் அங்கே ராஜா. எஃப்-7 அடித்தால் முந்தைய பக்கம், எஃப்-8 அடித்தால் அடுத்த பக்கம். எஃப்-3 அடித்தால் திரையை விட்டு வெளியே வந்துவிடலாம், எஃப்-12 அடித்தால் செய்ததெல்லாம் ரத்து. எஃப்-10 அடித்தால் உத்தரவு போய்விடும். நிச்சயமாகத்தான் அனுப்புகிறாயா என்று கேட்கிற நல்ல பழக்கமெல்லாம் அந்தத் திரைக்குக் கிடையாது. அடித்தாயா, போச்சு. அதனால் புதிதாகச் சேருகிறவர்கள் எஃப்-10 பக்கம் விரலைக் கொண்டுபோகும்போது சாமி கும்பிட்டுக்கொள்வதை நானே பார்த்திருக்கிறேன்.

எனக்கு அந்தப் பயமெல்லாம் கிடையாது. சீர்காழிப் பக்கத்து லுத்தரன் குடும்பம் எங்களுடையது. பதினைந்து வயதிலிருந்து சர்ச்சில் ஆர்மோனியம் வாசித்தவள் நான். விரல் எங்கே போகிறது என்று குனிந்து பார்க்கிற வழக்கமே எனக்கு இல்லை. கண் திரையில், வாய் பக்கத்து சீட்டோடு பேச்சில், விரல் பாட்டுக்கு மேல்வரிசையில். குனிந்து கீயைத் தேடுகிறவர்களைப் பார்த்தால், "என்ன, காசு ஏதும் விழுந்துருச்சா?" என்று கேட்பேன். சக ஊழியர் ஒருத்தி ஒருநாள் என் கண்ணைத் துப்பட்டாவால் கட்டிவிட்டு, ஒரு பட்டியலை முதலிலிருந்து கடைசிவரை போகச் சொன்னாள். போய்விட்டு வந்தேன். அன்று முழுக்க என் கால் தரையில் பாவவில்லை.

பாய் கூத்தாநல்லூர்க்காரர். வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் இருபது வருஷம் இதே மாதிரித் திரையில் கப்பல் சரக்கைப் பார்த்தவர். ஊரோடு வந்துவிடவேண்டும் என்று வந்து, எங்கள் ஆபீஸில் சேர்ந்தார். என்னைவிட இருபது வயது மூத்தவர் என்றாலும், அவர் எனக்கு எதையும் சொல்லித்தந்ததில்லை, நானும் கேட்டதில்லை. எங்களுக்குள் இருந்தது சுத்தமான போட்டி. காலையில் வரும் பட்டியலை யார் முதலில் முடிக்கிறார்களோ அவர் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, தோற்றவர் கீழே போய் டீ சொல்லிவிட்டு வரவேண்டும். என் விரல் சத்தம் அவருக்குப் பிடிக்காது. "சத்தம் ஜாஸ்தி, வேலை கம்மி" என்பார். அவர் அடிப்பது காதில் விழவே விழாது. "உங்க கீபோர்டுக்கு உயிர் இருக்கா பாய்?" என்று நான் கேட்பேன். இருவரும் கிட்டத்தட்ட சமமாகத்தான் ஜெயித்துக்கொண்டிருந்தோம். நான் முதலில் சொன்ன அந்த மூன்று மாதத்தில் மட்டும் அவர் அடிக்கடி தோற்றார். ஒற்றைக் கையால் விளையாடினால் தோற்காமல் என்ன செய்வார் என்று எனக்குள் ஒரு அலட்சியம்.

போட்டியெல்லாம் வேலையில். மற்றதில் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. வெள்ளிக்கிழமை மதியம் பாய் ஜும்மா தொழுகைக்குப் போவார். அந்த ஒரு மணி நேரம் அவர் திரையை நான் பார்த்துக்கொள்வேன். எனக்கு ஞாயிறு காலை ஷிஃப்ட் விழுந்தால் சர்ச் ஆராதனை முடிகிறவரை என் திரையை அவர் பார்த்துக்கொள்வார். மேனேஜரே ஆரம்பித்துவைத்த ஏற்பாடு இது. "பாய் போறப்ப நீ பார்த்துக்கம்மா, நீ போறப்ப பாய் பார்த்துக்குவாரு" என்று ஒருதரம் சொன்னார், அதோடு சரி. எழுத்தில் எதுவும் கிடையாது. எழுத்தில் இருந்த விதிப்படி, ஒருவர் தன் ஐடியில் திறந்த திரையை இன்னொருவர் தொடவே கூடாது. அதனால் நாங்களும் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தோம். திரையைப் பார்க்கலாம், கீயைத் தொடக்கூடாது. போன் வந்தால் அவரவர் திரையில் தேடிப் பார்த்துத்தான் பதில் சொல்லவேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமையும் பாய் போனை மேஜை டிராயரில் போட்டுவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனார். நாற்பது பெட்டிகளின் பட்டியல் அவர் திரையில் பாதியில் நின்றது. மேலே இருந்த பெட்டிகளுக்கு மட்டும் புது யார்டு போட்டிருந்தார், அதையும் இன்னும் சரிபார்க்கவில்லை; கீழே இருந்தவற்றில் போன தடவை அனுப்பிய யார்டின் பெயரே இருந்தது. ஒன்று இருபதுக்கு ரயில் கம்பெனியின் யார்டு ஒன்றிலிருந்து போன். ஒரு பெட்டியின் நம்பரைச் சொல்லி எங்கே போகிறது என்று கேட்டார்கள். என் திரையில் வேறு வேலை ஓடிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தால் அந்தப் பெட்டி பாயின் பட்டியலிலேயே இருந்தது. நாற்காலியை நகர்த்திப்போய்ப் படித்துச் சொன்னேன். போனை வைத்தேன். வேலை முடிந்தால் எஃப்-3 அடித்து வெளியே வருவது மூச்சு விடுகிற மாதிரி எனக்கு. கட்டுப்பாடு ஞாபகம் வருவதற்குள் விரல் போய்விட்டது. திரை மூடவில்லை. நாற்பது பெட்டிக்கும் உத்தரவு போய்விட்டது என்று கீழே ஒரு வரி வந்து நின்றது.

நான் அடித்தது எஃப்-3. கண்ணைக் கட்டிக்கொண்டு அடித்தாலும் தவறாத எஃப்-3. பள்ளிவாசலில் இருக்கிற மனுஷரைக் கூப்பிடவும் வழியில்லை. என் சீட்டுக்கு ஓடிவந்து, என் ஐடியிலிருந்து ஒவ்வொரு பெட்டியாகத் திரும்ப நிறுத்த ஆரம்பித்தேன். அதற்கென்று மொத்தமாக ஒரு கீ கிடையாது. ஒரு பெட்டிக்கு மூன்று திரை போய்வரவேண்டும். இரண்டு மணிக்குப் பாய் தலையில் தொப்பியோடு உள்ளே வந்தபோது முப்பத்துமூன்று பெட்டிகளை நிறுத்தியிருந்தேன். மீதி ஏழு பெட்டிகள் கிளம்பிவிட்டிருந்தன.

"நான் எஃப் த்ரீதான் பாய் அடிச்சேன். சத்தியமா எஃப் த்ரீதான்."

அவர் திரையைப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். "எஃப் த்ரீதான் அடிச்சிருப்பே" என்றார். "என் மெஷின்ல அதுதாம்மா சென்ட்."

பிறகு என்னை வெளியே கூட்டிப்போய், மாடிப்படித் திருப்பத்தில் நிறுத்தி வலது கையைக் காட்டினார். சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து வலது கையில் வைத்துப் பிடிக்கப் பார்த்தார். மூன்று விரல்கள் மடங்கவே இல்லை. பேனா படியில் விழுந்து உருண்டது. கழுத்தில் ஒரு நரம்பு அழுந்தியிருக்கிறதாம். ஆபரேஷன் செய்தால் சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூன்று மாதமாக இதை யாருக்கும் சொல்லாமல், தன் மெஷினில் மட்டும் கீக்களை இடம் மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். வலது கை போகவேண்டிய இடத்திலிருந்த கட்டளையெல்லாம் இடது ஓரத்துக்கு வந்துவிட்டது. எஃப்-1 முந்தைய பக்கம், எஃப்-2 அடுத்த பக்கம், எஃப்-3 அனுப்பு, எஃப்-4 வெளியே, என்டருக்கு இடது ஓரத்துக் கன்ட்ரோல். அவர் எஃப்-3 அடித்தால் மெயின்ஃபிரேமுக்குப் போய்ச் சேருவது எஃப்-10தான். இருபது வருஷம் கையில் ஊறிய பழக்கத்தை ஒரே வாரத்தில் அழித்துவிட்டு வேறொன்றைப் பழகியிருக்கிறார். அதை நான் ஜம்பம் என்று நினைத்தேன். படியில் நின்றுகொண்டே அழுதுவிட்டேன்.

"மேனேஜர்கிட்ட சொல்லிரலாம் பாய். அவரு நல்லவர்தானே?"

"நல்லவர்தான். அதான் வேணாங்கிறேன். பாவம் பாய்னு சொல்லிட்டு, ஃபைல் அடுக்குற இடத்துல கொண்டுபோய் உட்கார வைப்பாரு. வேலை தெரியலைன்னு சொல்லட்டும்மா, சண்டை போட்டுக்கலாம். பாவம்னு சொல்லிட்டா ஒண்ணும் பண்ண முடியாது." குனிந்து இடது கையால் பேனாவை எடுத்துக்கொண்டார். "கையைப் பத்தி மட்டும் யார்கிட்டயும் சொல்லிராதே." சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அன்று சாயங்காலமே அவர் மெஷினில் 'அனுப்பு' எஃப்-3இலிருந்து எஃப்-5க்குப் போனது. 'வெளியே' அதன் பழைய இடத்துக்கே திரும்பியது.

ஏழு பெட்டிகளும் வேறு ஊருக்குப் போய்விட்டு இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தன. பெரிய சேதம் ஒன்றுமில்லை. ஆனால் யார் செய்தது, எப்படி நடந்தது என்று எழுத்தில் பதில் வேண்டும் என்று ரயில் கம்பெனி கேட்டுவிட்டது. திங்கட்கிழமை காலை மேனேஜர் தன் அறையில் எங்கள் பத்துப் பேரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, மெயின்ஃபிரேமின் பதிவை அச்செடுத்து மேஜையில் போட்டார். பாயின் ஐடி. வெள்ளிக்கிழமை, ஒன்று இருபது. எஃப்-10.

அந்த மாதம்தான் என்னை டீம் லீடாக்கப் பெயர் அனுப்பியிருந்தார்கள். அது அறையிலிருந்த எல்லோருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை ஒன்று இருபதுக்குப் பாய் எங்கே இருப்பார் என்பதும் எல்லோருக்கும் தெரியும். மேனேஜர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு, "பாய், அன்னைக்கு..." என்று ஆரம்பித்தார்.

"அன்னைக்கு நான் ஜும்மாவுக்குப் போகலை சார்" என்றார் பாய். "இங்கதான் இருந்தேன். நான்தான் அடிச்சேன்."

காய்ச்சலில் கிடந்தபோதும், ஐப்பசி மழையில் பஸ் ஸ்டாண்டே முழங்கால் தண்ணீரில் நின்றபோதும் வெள்ளிக்கிழமையைத் தவறவிடாத மனுஷர். பள்ளிவாசலில் அவர் பக்கத்தில் நின்று தொழுதவர்கள் நூறு பேர் இருப்பார்கள். அது பொய் என்று மேனேஜருக்கும் தெரியும். ஆனால் எல்லோருக்கும் வசதியான பொய். பாய்க்கு ஒரு மெமோ கிடைக்கும், அதோடு தீர்ந்தது. ஐடி விதியை மீறிய கதையும் வெளியே வராது, கையும் வெளியே வராது, என் லீட் பதவியும் பத்திரம். மேனேஜர் பேனாவை எடுத்தார்.

நான் பெரிய நேர்மைக்காரி என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். எனக்கு வந்தது கோபம். என் விரல் செய்த வேலைக்கு அவர் தன் வெள்ளிக்கிழமையைக் கொடுப்பதா? அது என்ன சும்மா கிடைத்ததா? எனக்காக யாராவது நான் சர்ச்சுக்கே போகாதவள் என்று எழுதிவைத்தால் பொறுத்துக்கொள்வேனா?

"பாய் ஜும்மாவுக்குத்தான் சார் போயிருந்தாங்க" என்று எழுந்து நின்றேன். "அவங்க திரையைப் பார்த்துக்கிட்டது நான். நீங்கதானே சார் பார்த்துக்கன்னு சொன்னீங்க? அடிச்சதும் நான்தான்."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். நான் சொல்லவே இல்லை என்று அவர் சொல்லியிருந்தால் அங்கேயே எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் அவர், "ஆமா, நான்தான் சொன்னேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "போன்ல கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டு வெளிய வரப் பார்த்திருக்கே. சரி. வெளிய வர்றதுக்கு எஃப் த்ரீதானேம்மா? எதை அடிச்சே?"

பாயின் வலது கை நெஞ்சுக்குப் போய்ப் பேனாவைத் தொட்டுக்கொண்டு நின்றது. நான் எஃப்-3 என்று உண்மையைச் சொன்னால், அது எப்படி எஃப்-10 ஆனது என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு அடுத்த கேள்வி அந்தக் கையில் போய் நிற்கும்.

"எஃப் டென் சார்."

"எஃப் த்ரீ எங்க இருக்கு, எஃப் டென் எங்க இருக்கு? நடுவுல ஆறு கீ இருக்கேம்மா!"

"கை தவறிடுச்சு சார்."

என் கண்ணைத் துப்பட்டாவால் கட்டியவள் பின்னால் களுக்கென்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குச் சுருக்கென்று தைத்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். மேனேஜர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். வெளியேறுவதற்காக எஃப்-3 அடிக்கவேண்டியவர் கவனக்குறைவால் எஃப்-10 அடித்துவிட்டார் என்று எழுதி, கீழே என் கையெழுத்து வாங்கினார். ஏற்பாடு தன்னுடையது என்று தன் பெயரையும் எழுதினார். பாய் திரையைப் பூட்டாமல் போனதற்கு அவருக்கு ஒரு எச்சரிக்கை, எனக்கு மெமோ. மூன்று வாரம் நேரடித் திரையைத் தொடாமல், புதிதாகச் சேர்ந்தவர்களோடு உட்கார்ந்து பயிற்சித் திரையில் எஃப் கீ பழகினேன். நான்! டீம் லீடாக, துப்பட்டா கட்டியவள் வந்தாள். எனக்கு ஒன்றரை வருஷம் கழித்துத்தான் கிடைத்தது.

அறையை விட்டு வெளியே வந்ததும் பாய் என்னைத் திட்டினார். "ஒரு பொய் சொன்னேன், அதையும் ஒழுங்காச் சொல்ல விடமாட்டியா? ஏம்மா எழுந்திரிச்சே?"

"ஜும்மாவுக்குப் போகலைன்னு நீங்க சொல்லலாமா பாய்?"

"நீ மட்டும் எஃப் டென்னுன்னு சொல்லலாமா?" என்றார் அவர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்துவிட்டது. உள்ளே மேனேஜர் இருக்கிறார் என்பதைக்கூட மறந்து சிரித்தோம்.

மறுமாதம் பாய் லீவு போட்டுவிட்டு ஆபரேஷன் செய்துகொண்டார். அடுத்த நாலைந்து மாதத்தில் இரண்டு விரல் முழுசாகத் திரும்பி வந்தது. சுண்டுவிரல் மட்டும் கடைசிவரை பிடிவாதமாக இருந்தது. கீக்களைப் பழைய இடத்துக்கே மாற்றி வைத்துக்கொண்டு இன்னும் நாலு வருஷம் என்னோடு போட்டி போட்டார். ஓய்வு பெறுகிற அன்று, "அந்த ரிப்போர்ட்டைத் திருத்தச் சொல்லட்டுமா? இப்பச் சொன்னா எனக்கு ஒண்ணுமில்லை" என்று கேட்டார். வேண்டாம் பாய், இருக்கட்டும் என்றேன். இப்போது கூத்தாநல்லூரில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். இதை எழுதலாமா என்று கேட்டபோது, "கையைப் பத்தி தாராளமா எழுது. ஆனா டீயில ஜாஸ்தி ஜெயிச்சது நான்தான்னும் எழுது" என்றார். எழுதிவிட்டேன், ஆனால் அது உண்மையில்லை.

ஆபீஸ் இப்போது லிஃப்ட் வைத்த பெரிய கட்டடத்துக்குப் போய்விட்டது. யார் ஐடியை யாரும் தொடமுடியாது. எழுந்தால் திரை தானாகவே பூட்டிக்கொள்ளும். கறுப்புத் திரையும் மேல்வரிசைக் கீக்களும் மட்டும் அப்படியே இருக்கின்றன. எஃப்-3 இன்றைக்கும் வெளியே, எஃப்-10 இன்றைக்கும் அனுப்பு. புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு இப்போது பயிற்சி கொடுப்பது நான்தான். அதற்கு ரயில் கம்பெனி அனுப்பிய கையேடு ஒன்று உண்டு. அதில் 'கவனக்குறைவால் நேரும் தவறுகள்' என்ற பக்கத்தில் முதல் உதாரணமாக என் கதை இருக்கிறது. பெயர் இல்லை. வெளியேற நினைத்த ஒரு பணியாளர் எஃப்-3க்குப் பதில் எஃப்-10 அடித்ததால் நாற்பது பெட்டிகளுக்குத் தவறான உத்தரவு போனது என்று மட்டும் போட்டிருக்கிறது. ஒவ்வொரு வகுப்பிலும் இந்த இடத்தில் சிரிப்பு வரும். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன்.

போன வாரம் வந்த வகுப்பில் முத்துப்பேட்டையிலிருந்து ஒரு பெண். துடுக்கானவள், விரலும் வேகமானவள், எனக்கு முதல் நாளே பிடித்துவிட்டது. அவள் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "நடுவுல ஆறு கீ இருக்கு மேடம்! கண்ணைக் கட்டி விட்டாக்கூட இப்படி அடிக்க முடியாதே. இவங்களையெல்லாம் யாரு மேடம் வேலைக்கு எடுத்தாங்க? இப்ப எங்க இருக்காங்க?"

"உங்களுக்குக் கிளாஸ் எடுத்துக்கிட்டு இருக்காங்க" என்றேன்.

அந்தப் பெண் முகம் சிவந்து, எழுந்து நின்று, மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள். ஏன் அப்படி அடித்தேன் என்று நான் சொல்லவில்லை. "பரவால்ல, உட்காரும்மா. நல்லாச் சிரிங்க" என்று சொல்லிவிட்டு, அவர்கள் மறுபடி சிரிக்கிறவரை நிமிர்ந்து நின்றேன்.